அருங்காட்சியகப் படத்தைப் பார்த்துத் தைத்த 18-ஆம் நூற்றாண்டு சீட்டி அங்கி: அக்குள் இழுக்கிறது, முதுகுப் பக்கம் சரிகிறது

நூலோட்டம்:

வணக்கம். 1750-80 காலத்தில் ஐரோப்பிய ஆண்கள் வீட்டில் உடுத்திய தளர்வான அங்கி ஒன்றைத் தைத்திருக்கிறேன். அருங்காட்சியகப் பதிவுகளில் ‘பனியன்’ என்று இருக்கும் வகை. சோழமண்டலக் கரையில் வரைந்து சாயமேற்றிய சீட்டித் துணியில் தைத்தவை அதில் உண்டு. அந்தச் சாயல் வரவேண்டும் என்பதுதான் நோக்கம். அளவு எடுத்தது ஒரு தொகுப்பின் இணையப் படத்திலிருந்து. பொம்மைக்கு உடுத்தி, முன்பக்கமும் பின்பக்கமும் நேராக எடுத்த இரண்டு படங்கள். நீளம் மட்டும் பதிவில் இருந்தது.

வெட்டு: தோளில் தையல் கிடையாது. கைகளை விரித்தால் ஆங்கில ‘டி’ எழுத்து போல, உடலும் கையும் ஒரே துண்டு. நடுமுதுகில் ஒரு தையல், முன்பக்கம் திறப்பு. துணி 112 செ.மீ. அகலமுள்ள டிஜிட்டல் பிரிண்ட் பருத்தி. லைனிங் வெள்ளைப் பருத்தி.

உடுத்துபவர் மார்புச் சுற்றளவு 100 செ.மீ., உயரம் 172. படத்தில் மார்பு அகலம் 52 செ.மீ. என்று கணக்கு வந்தது. அதை இரட்டித்து 104 சுற்றளவுக்கு, அதாவது கால் பாகத்துக்கு 26 செ.மீ. என்று வெட்டினேன். தோள் மடிப்பிலிருந்து அக்குள் ஆழம் 20. பின்கழுத்தை 6 செ.மீ. இறக்கினேன். தோளிலிருந்து கீழ் ஓரம் 138.

குறைகள்:
கையைத் தூக்கினால் அக்குளில் இழுத்து, பக்கவாட்டு ஓரம் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஏறுகிறது.
உடுத்திய சில நிமிடங்களில் அங்கி முழுவதும் முதுகுப் பக்கம் சரிகிறது. முன் ஓரம் தூக்கிக்கொள்கிறது.
ஒரு முறை நனைத்த பிறகு லைனிங் கீழே பை மாதிரித் தொங்குகிறது. மேல்துணியை நனைக்காமல் வெட்டியது என் தவறு. லைனிங் நனைத்தது.
பிரிண்டில் பறவைகள் இருக்கின்றன. முன்பக்கம் நிமிர்ந்து நிற்கின்றன, முதுகில் தலைகீழாக இருக்கின்றன.
இதையெல்லாம் தாண்டி, பார்க்கத் திரைச்சீலை போல இருக்கிறது. ஏன் என்று சரியாகப் பிடிபடவில்லை.

மீதித் துணி 1.5 மீட்டர் இருக்கிறது. இதைத் திருத்த முடியுமா, புதிதாக வெட்ட வேண்டுமா?


கத்திரிமுனை:

திருத்தலாம். முதல் இரண்டு குறைக்கும் காரணம் அளவுதான், தையல் அல்ல.

படத்தில் கண்ட அகலத்தை இரண்டால் பெருக்கலாமா என்பது ஆடையை எப்படி வைத்துப் படம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. மேசையில் பரப்பி எடுத்த படம் என்றால் இரண்டால் பெருக்குவது சரி. துணி தட்டையாக இருக்கிறது, மறுபக்கமும் அதே அளவு. பொம்மைக்கு உடுத்தி எடுத்த படம் அப்படியல்ல. அங்கே தெரிவது ஒரு உருண்டையின் குறுக்களவு. பக்கங்கள் வளைந்து பின்னால் போவது கேமராவுக்குத் தெரிவதே இல்லை. முழு வட்டமானால் 3.14 மடங்கு. உடல் நீள்வட்டம், முன்பின் கனம் அகலத்தில் ஏறக்குறைய 0.7 பங்கு என்று வைத்தால் 2.7 மடங்கு வரும். 52 செ.மீ.யை 2.7-ஆல் பெருக்கினால் 140. நீங்கள் வைத்தது 104. 100 செ.மீ. மார்புக்கு 4 செ.மீ. தளர்வு என்றால் அது ஒட்டித் தைக்கும் உள்சட்டை அளவு. உள்ளே சட்டையும் வெயிஸ்ட்கோட்டும் போட்டு மேலே உடுத்திய அங்கி இது. 40 செ.மீ. தளர்வு இருந்தால்தான் அதன் தொங்கல் வரும்.

டி வடிவ வெட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. தனிக் கை வைத்துத் தைத்த சட்டையில் கை தூக்கும்போது தோள் வளைவு உதவிக்கு வரும். இங்கே அப்படி ஒன்று இல்லை. கையைத் தூக்குவதற்கான துணி முழுவதும் அக்குளுக்குக் கீழே தளர்வாகக் கிடக்க வேண்டும். ஆகவே கையை இறக்கி நிற்கும்போது அக்குளில் நிறைய மடிப்பு விழுந்தே தீரும். அதைக் குறை என்று நினைத்து ஒட்ட வெட்டிவிட்டால் கை தூக்க முடியாது. இழுக்கும் சுருக்கம் வேறு, தொங்கும் மடிப்பு வேறு. இழுக்கும் சுருக்கம் ஒரு புள்ளியிலிருந்து விசிறி போலக் கிளம்பும், தொட்டால் விறைப்பாக இருக்கும். தொங்கும் மடிப்பை விரலால் தள்ளினால் நகரும்.

பின்கழுத்து 6 செ.மீ. மிக அதிகம், 2 போதும். கழுத்து உடலில் முன்னோக்கித்தான் இருக்கிறது, திறப்பில் பெரும்பங்கு முன்பக்கம் வரவேண்டும். முன்பக்கம் திறந்த அங்கியில் முதுகுத் துணியின் பாரத்தைப் பிடித்து நிறுத்துவது பிடரியில் அமரும் அந்தப் பின்கழுத்து ஓரம்தான். அதை ஆழமாக வெட்டினால் அமர இடமில்லாமல் துணி பின்னால் வழியும், முன் ஓரம் மேலேறும்.

முன் ஓரத்தை வெட்டிச் சமன் செய்துவிடாதீர்கள். கழுத்தைச் சரிசெய்ததும் அது தானாக இறங்கும்.


சாயவேர்:

‘திரைச்சீலை போல இருக்கிறது’ என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, பூவின் அளவு. சீட்டியில் கட்டில் விரிப்புக்கும் சுவர்த் தொங்கலுக்கும் தீட்டிய பெரிய மரச் சித்திரங்கள் உண்டு. இணையத்தில் அதிகம் கண்ணில் படுவதும் பிரிண்ட் கோப்பாக எளிதில் கிடைப்பதும் அவைதான். உடைக்கென்று தீட்டிய துணியில் பூவும் கொடியும் சிறியவை. உள்ளங்கையை விரித்து வைத்தால் ஒரு பெரிய பூ அதற்குள் அடங்க வேண்டும், அதைச் சுற்றி அரும்பும் இலையும் இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டும். உங்கள் துணியில் ஒரு பூ முகத்தளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, திரும்பத் திரும்ப வருதல். சீட்டி கையால் தீட்டியது. முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்துப் பதப்படுத்துவார்கள். துளையிட்ட காகிதத்தின் மேல் கரித்தூளைத் தட்டி வரைகோட்டை இறக்குவார்கள். பிறகு கலம் என்ற எழுதுகோலால் கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல், சிவப்புக்குப் படிகாரக் கரைசல். சாயவேர்க் கொதியில் போட்டதும் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். நீலம் வேண்டிய இடத்தை விட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மஞ்சள் கடைசியில் தூரிகையால் மேலே தீட்டுவது. இப்படிக் கோடு கோடாகக் கை போன துணியில், ஒரே காகிதத்திலிருந்து இறங்கிய இரண்டு பூக்கள்கூட அச்சாக ஒன்றுபோல இருக்காது. டிஜிட்டல் பிரிண்டில் 30 செ.மீ.க்கு ஒரு முறை அதே பூ, அதே வளைந்த இலை, அதே கறை வந்தால் முதுகின் விரிவில் கண் உடனே அதைப் பிடித்துவிடும். அடுத்த முறை குறைந்தது 90 செ.மீ. நீள ரிப்பீட் வைத்துக் கோப்பைத் தயார் செய்யுங்கள். பக்கத்து வரிசையைப் பாதி நீளம் இறக்கி வையுங்கள். மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியிலிருந்து காப்புரிமை முடிந்த பொருள்களின் படங்களை எந்தப் பயன்பாட்டுக்கும் திறந்து விட்டிருக்கிறது, அவற்றிலிருந்து பூக்களை எடுத்துக் கோக்கலாம். 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) தரத்துக்கு 30 செ.மீ.க்குச் சுமார் 1,772 பிக்சல் தேவை, 90 செ.மீ.க்கு 5,315. அதற்குக் குறைவான படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் கலத்தின் கூர்மையான கறுப்புக் கோடு மங்கிவிடும். சீட்டியின் உயிரே அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

மூன்றாவது நிறம். இதில் பலரும் ஏமாறுகிறார்கள். அருங்காட்சியகச் சீட்டியில் இலைகள் நீலமாக இருக்கும். தீட்டியபோது அவை நீலம் அல்ல. அவுரி நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டிப் பச்சை வரவைத்தார்கள். மஞ்சள் நிறம் வெளிச்சம் பட்டு வெளுத்துப் போக, நீலம் தங்கிவிட்டது. இலையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தையலுக்குள் மடிந்து வெளிச்சம் படாத இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கே பச்சை ஒட்டிக்கொண்டிருக்கும். இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் உடையைத் தைக்கிறீர்களா, 1760-இல் ஒருவர் வாங்கி உடுத்திய உடையைத் தைக்கிறீர்களா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் நியாயமானவை. பாதி இலை பச்சை, பாதி நீலம் என்று கலந்தால் எதுவும் இல்லாமல் போகும். படத்தில் தெரியும் மஞ்சள் கலந்த பழுப்புப் பின்னணியும் பெரும்பாலும் வயது ஏறிய வெள்ளைதான்.

துணியின் மேல்பரப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டிக்குக் கஞ்சி போட்டு, சிப்பியால் தேய்த்து மினுக்கம் ஏற்றுவது உண்டு. பிரிண்ட் துணி மங்கலாக இருப்பதால்தான் திரைச்சீலை என்ற உணர்வு இன்னும் கூடுகிறது. மெல்லிய கஞ்சி போட்டு, அரை ஈரத்தில் நல்ல சூட்டில் அழுத்தி இஸ்திரி போட்டு, காய்ந்ததும் வழவழப்பான கண்ணாடிக் குப்பியின் அடிப்பாகத்தால் ஒரே திசையில் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டை அளவுத் துண்டில் முதலில் செய்து பாருங்கள். ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

பறவைகளுக்கு இந்த அங்கியில் வழியில்லை. தோளில் தையல் இல்லாத வெட்டில் ஒரே துணி முன்னிருந்து பின்னுக்குப் போகிறது, ஒரு பக்கம் நிமிர்ந்தால் மறுபக்கம் கவிழும். எல்லாத் திசையிலும் ஓடும் கொடி என்றால் தெரியாது. மேல் கீழ் உள்ள சித்திரத்தை எடுத்தால் தோளில் தையல் வைத்துத் தனித்தனியாக வெட்டுங்கள்.

சாயமேற்றும் முறையைப் பற்றி மூல ஆவணம் தேடுபவர்களுக்கு: பிரெஞ்சு ஏசு சபைத் துறவி கேர்து 1742-இல் சோழமண்டலக் கரையிலிருந்து எழுதிய கடிதத்தில் படிப்படியாக எழுதியிருக்கிறார். கடுக்காய், பால், மெழுகு எல்லாம் அதில் வரும்.


நூலோட்டம்:

இருவருக்கும் நன்றி. பூ முகத்தளவுதான். அதை இந்த அங்கியில் மாற்ற முடியாது, விட்டுவிடுகிறேன்.

சுற்றளவில் 36 செ.மீ. சேர்க்க வேண்டும் என்றால் எங்கே சேர்ப்பது? நடுமுதுகில் ஒரு பட்டை விட்டால் கழுத்து அகலமாகிவிடுமே. ஒட்டுப் போட்டால் அந்தக் காலத்து வேலைக்குப் பொருந்துமா?


கத்திரிமுனை:

ஒட்டுப் போடுவது அந்தக் கால வேலைக்குப் பொருந்துவது மட்டுமல்ல, அதன் இயல்பே அதுதான். துணி விலை உயர்ந்தது, தையல்கூலி அதற்கு முன் ஒன்றுமில்லை. 18-ஆம் நூற்றாண்டுப் பட்டின் தறி அகலம் பலவற்றில் 50 செ.மீ. சுற்றித்தான், ஆகவே கையின் பாதியில், கீழ் ஓரத்தின் மூலையில், காலரின் உள்பக்கம் என்று எங்கும் துண்டு சேர்த்திருப்பார்கள். தொகுப்புப் படங்களில் பூ திடீரென்று முறியும் இடமெல்லாம் ஒட்டு. உங்கள் அங்கியில் ஒட்டு வந்தால் உண்மைக்கு ஒரு படி அருகில்தான் போகும்.

நடுமுதுகில் வேண்டாம். இரண்டு பக்கவாட்டிலும் 18 செ.மீ. பட்டை விடுங்கள். கை நுனியில் தொடங்கி, கையின் அடிப்பக்கமாக அக்குளுக்கு வந்து, அங்கிருந்து கீழ் ஓரம் வரை போகும் பட்டை. பெட்டிக்குப் பக்கச்சுவர் வைப்பது போல. இப்போது 40 இருக்கும் கைச்சுற்று அக்குளில் 58 ஆகும், மார்பு 140 ஆகும். தோளிலும் கழுத்திலும் கை வைக்க வேண்டியதில்லை.

மீதி 1.5 மீட்டரை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவையுங்கள், அங்கி ஏற்கெனவே நனைந்துவிட்டது. நூலோட்டத்தின் (பாவு நூல் ஓடும் திசையின்) வழியே 21 செ.மீ. அகலத்தில் நீளவாட்டில் ஐந்து பட்டை கிடைக்கும் (18 போக இரு பக்கமும் தையலுக்கு 1.5). இரண்டு பட்டை உடலுக்கு, ஒவ்வொன்றும் 125 செ.மீ. நீளம் வையுங்கள், மிச்சத்தைக் கடைசியில் கழிக்கலாம். மூன்றாவது பட்டையை இரண்டாக வெட்டினால் 58 செ.மீ.யில் இரண்டு கைப்பட்டை. இவை அக்குள் முனையில் 21, மணிக்கட்டு முனையில் 3 என்று குறுகும் முக்கோணங்கள். மணிக்கட்டில் தையல் துணி மட்டும்தான் மிஞ்சும், கைநுனி சுற்றளவு மாறாது. மிச்சம் இரண்டு பட்டையைக் காலருக்கும் முன் திறப்பின் உள்பட்டைக்கும் வையுங்கள்.

வரிசை முக்கியம். லைனிங்கின் கீழ் ஓரத்தைப் பிரித்து, லைனிங்கையும் மேல்துணியையும் தனித்தனியாக்கிய பிறகுதான் பக்கத் தையலைப் பிரிக்க வேண்டும். பிரித்த ஓரங்களை நீராவி போட்டு நேராக்குங்கள். பழைய ஊசித் துளைகள் அதில் மூடிக்கொள்ளும். கைப்பட்டையின் அகல முனையையும் உடல்பட்டையின் மேல் முனையையும் முதலில் ஒன்றாகத் தைத்து ஒரே நீளப் பட்டையாக்குங்கள். அந்த இணைப்பு அக்குளின் மையத்தில் விழ வேண்டும். அங்கே குண்டூசி குத்திவிட்டு, அக்குளிலிருந்து கைநுனிக்கு ஒரு தையல், அக்குளிலிருந்து கீழ் ஓரத்துக்கு ஒரு தையல் என்று இரு திசையிலும் வெளியே தையுங்கள். கைநுனியிலிருந்து ஒரே ஓட்டமாக வந்தால் அக்குளை அடையும்போது 1 செ.மீ.யாவது நகர்ந்திருக்கும், நான்கு தையலும் ஒரு புள்ளியில் சேராது.

பழகியவர்களும் தவறும் இடம் அக்குள் வளைவு. உடல்துண்டின் ஓரம் அங்கே உள்வளைவு, பட்டையின் ஓரம் நேர்கோடு. உடல்துண்டின் தையல் துணியை 1.5 செ.மீ.க்கு ஒரு வெட்டு வீதம், தையல் கோட்டுக்கு 2 மி.மீ. முன்பு வரை கத்தரியுங்கள். வெட்டினால்தான் வளைவு விரிந்து நேர்கோட்டோடு படியும். வெட்டு ஆழம் போதாவிட்டால் அந்த இடத்தில் சிறு குடுமி போலத் துணி கூடிக்கொள்ளும்; ஆழம் மிஞ்சினால் கை தூக்கும் முதல் நாளே அங்கிருந்து கிழியும். தைக்கும்போது உடல்துண்டு மேலே, பட்டை கீழே இருக்கட்டும், வெட்டுகள் எங்கே திறக்கின்றன என்று கண் முன் தெரியும். வளைவு முழுவதும் பின்தையல் போடுங்கள், 3 செ.மீ. பக்கமுள்ள சதுர லினன் துண்டு ஒன்றை உள்ளே வைத்துச் சுற்றித் தைத்துவிடுங்கள். மற்ற நீளத் தையலுக்கு ஓட்டுத் தையல் போதும், செ.மீ.க்கு 3 அல்லது 4. பத்துத் தையலுக்கு ஒரு பின்தையல் போட்டால் நூல் இறுகிச் சுருங்காது.

பின்கழுத்துக்கு 4 செ.மீ. ஆழமுள்ள பிறைத் துண்டு வெட்டி நிரப்புங்கள். கண்ணில் படும் இடம் அது. ஆகவே மீதித் துணியில் அதே பூ அதே நிலையில் இருக்கும் இடத்தைத் தேடி வெட்டினால் ஒட்டுக்கோடு மறைந்துவிடும்.

மெஷினா கையா என்று கேட்பதற்கு முன்பே சொல்கிறேன். எலியாஸ் ஹோவ் லாக்ஸ்டிச் தையல் மெஷினுக்குப் பேடன்ட் பெற்றது 1846, சிங்கர் 1851. உங்கள் காலத்து ஆடையில் மெஷின் தையல் கிடையாது. ஆனாலும் உள்ளே மறையும் நேர்த்தையலை மெஷினில் போட்டு, வெளியே தெரியும் ஓரம், காலர், முன் திறப்பு ஆகியவற்றைக் கையால் முடித்தால் தொங்கலில் பெரிய வித்தியாசம் வராது. கைத்தையலுக்கு மெல்லிய லினன் நூலை முழங்கை நீளத்துக்கு எடுத்து, தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்து, காகிதத்துக்கு நடுவே வைத்து இஸ்திரியால் ஒரு முறை அழுத்துங்கள். மெழுகு நூலுக்குள் இறங்கும், முறுக்கிக்கொள்ளாது. பாலியெஸ்டர் நூலை நான் இதில் சேர்க்க மாட்டேன். இழுவை வரும்போது நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம். நூல் தாங்கித் துணி கிழிந்தால் என்ன செய்வது?


பழந்துணி:

கத்திரிமுனை சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தம் மட்டும். 140 என்பது அந்த ஒரு படத்திலிருந்து வந்த எண். அதை உறுதி செய்ய இன்னொரு வழி இருக்கிறது. முதுகில் நடுத்தையலிலிருந்து பக்கத் தையல் வரை துணி எவ்வளவு அகலம் என்பதைப் பூக்களை எண்ணிக் கண்டுபிடியுங்கள். பின்பக்கப் படத்தின் நடுவில், கேமராவுக்கு நேராக இருக்கும் பூவின் அகலத்தை அளந்துகொண்டு, ஓரத்தில் குறுகித் தெரியும் அதே மாதிரிப் பூவையும் முழு அகலமாகவே கணக்கில் சேர்த்தால் வளைந்து மறைந்த துணி கையில் வந்துவிடும்.

அளவுகோல் கணக்கு இப்படி: பதிவில் முதுகு நீளம் 140 செ.மீ. என்று இருந்து, படத்தில் அது 3,360 பிக்சல் என்றால் செ.மீ.க்கு 24 பிக்சல். கைநுனி 408 பிக்சல் என்றால் 17 செ.மீ. இந்தக் கணக்கு முதுகின் தளத்தில் இருக்கும் பாகங்களுக்குத்தான் செல்லும். முன்னோக்கி நீட்டிய கை கேமராவுக்கு அருகில் இருந்தால் பெரிதாகத் தெரியும், அதை அப்படியே எடுத்தால் கை நீளம் கூடிவிடும்.

அளவுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, அந்த உடை இப்போது இருக்கும் வடிவில்தான் முதலில் தைக்கப்பட்டதா என்பது. பதிவில் இரண்டு தேதி இருக்கும், பலர் ஒன்றைத்தான் படிக்கிறார்கள். துணி நெய்து தீட்டிய காலம் ஒன்று, உடையாக வெட்டிய காலம் இன்னொன்று. சீட்டி விலையுயர்ந்தது என்பதால் பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மாறுவேட விருந்துக்காக வெட்டித் திருத்தியதும் நிறைய. அறிகுறிகள்: தையலுக்குப் பக்கத்தில் இணையாக ஓடும் வெறும் ஊசித்துளை வரிசை, நடுவில் ஒரு கோடு மட்டும் நிறம் அடர்ந்திருப்பது, அதாவது முன்பு அங்கே மடிப்பு இருந்தது, ஒரே ஆடையில் இரண்டு வகை நூல், மெஷின் தையல். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்தப் பகுதியின் அளவை நம்ப வேண்டாம். பொம்மைக்கு உடுத்தும்போது உள்ளே திணிப்பு வைத்து, தளர்வைப் பின்னால் ஒதுக்கி நிறுத்துவதும் உண்டு. முன்படத்தில் மட்டும் ஒட்டி இருப்பது போலத் தெரிந்தால் பின்படத்தைப் பாருங்கள்.

தேடும் சொல்லும் விளைவை மாற்றும். பனியன் என்று மட்டும் தேடினால் ஒரு பகுதிதான் வரும். நைட்கவுன், மார்னிங் கவுன், பிரெஞ்சில் ரோப் டி ஷாம்ப்ர், டச்சில் யாபோன்ஸே ரோக். கடைசிச் சொல்லுக்கு ஜப்பானிய அங்கி என்று பொருள். ஜப்பானில் வணிகம் செய்த டச்சுக் கம்பெனிக்காரர்களுக்குக் கிடைத்த கிமோனோவிலிருந்து அந்தப் பெயர் வந்தது. தோளில் தையலில்லாத உங்கள் வெட்டின் தடமும் அங்கேதான். பனியன் என்பது வணிகரைக் குறிக்கும் குஜராத்திச் சொல்லிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனது. நாம் இன்று உள்சட்டைக்குச் சொல்லும் பனியனும் அதே சொல்தான்.

சீட்டி உடைக்கு டச்சுத் தொகுப்புகளை விட்டுவிடாதீர்கள். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை சீட்டியைத் தடை செய்திருந்தது. இங்கிலாந்தில் 1701-இல் இந்தியச் சாயத்துணிக்குத் தடை, 1721-இல் இன்னும் கடுமையான சட்டம், 1774-இல்தான் தளர்வு. நெதர்லாந்தில் அப்படித் தடை இல்லை, அதனால் அங்கே சீட்டி சாதாரணக் குடும்பங்கள் வரை இறங்கியது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம், லேவார்டனில் உள்ள ஃப்ரீஸ் மியூசியம் இரண்டிலும் சீட்டிக்கான டச்சுச் சொல்லான சிட்ஸ் என்பதைப் போட்டுத் தேடுங்கள். ஹிண்டலோபன் ஊர்ப் பெண்களின் ‘வென்ட்கே’ என்ற நீண்ட திறந்த அங்கியும் வரும். பெண்களுடையதானாலும் சீட்டியை எப்படி வெட்டி ஒட்டினார்கள் என்று பார்க்க அது நல்ல பாடம்.

ஓவியங்களை ஆதாரமாக எடுத்தால் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கும் 1666-ஆம் ஆண்டு ஓவியத்தில், நாட்குறிப்பால் பெயர் பெற்ற ஆங்கிலேயர் சாமுவேல் பீப்ஸ் இருக்கிறார்; அவர் உடுத்தியிருக்கும் பழுப்பு அங்கி வாடகைக்கு எடுத்தது. தன் நாட்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். ஓவியம் துணியின் தொங்கலைக் காட்டும். தையல் எங்கே இருக்கிறது என்பதை ஓவியர் காட்ட வேண்டியதில்லை.

உடையை நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் முன்பதிவு செய்து போங்கள். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025 மே மாதம் கிழக்கு லண்டனில் திறந்த ஸ்டோர்ஹவுஸில், சேமிப்பில் இருக்கும் பொருளைக் கேட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. பென்சில் மட்டும் கொண்டு போங்கள், பேனா அனுமதியில்லை. துணிக்கு வெளிச்சம் 50 லக்ஸ் அளவில்தான் இருக்கும், கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். ஆகவே என்ன பார்க்க வேண்டும் என்று முன்பே எழுதிக்கொண்டு போக வேண்டும்: தோளில் தையல் உண்டா, அக்குளில் எத்தனை தையல் சேர்கின்றன, கரை ஓரம் (தறியில் நெய்தபோதே முடிந்த துணி விளிம்பு) எங்கே வருகிறது, லைனிங் கீழே எப்படி முடிகிறது. கரை ஓரம் இரண்டும் கிடைத்துவிட்டால் துணியின் அகலம் தெரியும். அகலம் தெரிந்தால் வெட்டு முழுவதையும் காகிதத்தில் போட்டுவிடலாம். அந்த ஓர் அளவுக்காகவே போகலாம்.


நூலோட்டம்:

படத்தைத் திரும்பத் திறந்து பூக்களை எண்ணினேன். நடுமுதுகிலிருந்து பக்கத் தையல் வரை 35 அல்லது 36 செ.மீ. வருகிறது, 140 சரிதான். அக்குளுக்கு அருகில் ஒட்டு ஒன்றும் தெரிகிறது, இத்தனை நாள் நிழல் என்று நினைத்திருந்தேன்.

பக்கப்பட்டை விட்டுத் தற்காலிக ஓட்டுப் போட்டு உடுத்திப் பார்த்தாயிற்று. கையைத் தோள் மட்டத்துக்குத் தூக்கினால் பக்கவாட்டு ஓரம் 4 செ.மீ. ஏறுகிறது, அவ்வளவுதான். பிறைத் துண்டு வைத்ததும் முன் ஓரம் இறங்கிவிட்டது. பாக்கி லைனிங் மட்டும். கீழே எப்படி முடிப்பது?


கத்திரிமுனை:

4 செ.மீ. இயல்பு, விட்டுவிடுங்கள்.

லைனிங் பை போட்டதற்குக் காரணம் மேல்துணி சுருங்கியதுதான். 138-க்கு 3 சதவீதம் என்றாலே 4 செ.மீ. இனி எந்தத் துணியானாலும் 50-க்கு 50 துண்டு வெட்டி, உடையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். மேல்துணி, லைனிங் இரண்டுக்கும்.

இப்போது லைனிங்குக்கும் அதே அளவுப் பக்கப்பட்டை விட்டு, கழுத்திலும் முன் திறப்பிலும் மட்டும் மேல்துணியோடு பிடித்து, கீழ் ஓரத்தை விட்டுவிடுங்கள். உடுத்துபவர் தோள் அகலமுள்ள ஹேங்கரில் இரண்டு நாள் தொங்கட்டும். பக்கவாட்டில் சரிவாக வெட்டிய பாகம் நூலோட்டத்துக்குச் சாய்வாக இருப்பதால் நடுவைவிட அதிகம் இறங்கும், துணியைப் பொறுத்து 1 முதல் 3 செ.மீ. வரை. இறங்கி முடிந்த பிறகு உடுத்த வைத்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். மேசையில் பரப்பி அளந்து வெட்டினால் பக்கங்கள் திரும்பவும் தொங்கும்.

குறித்த கோட்டுக்குக் கீழே மேல்துணியில் 1.5 செ.மீ. விட்டு வெட்டி உள்ளே மடியுங்கள். லைனிங்கை அதன் ஓரம் 2 மி.மீ. உள்வாங்கி இருக்கும்படி மடித்து, இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று பார்க்க வைத்துக் குண்டூசி குத்துங்கள். லைனிங்கில் நீளவாட்டில் 1 செ.மீ. தளர்வு இருக்க வேண்டும், இறுக்கினால் மேல்துணி உள்ளே சுருண்டு கொள்ளும். உள்பக்கத்திலிருந்து ஊசியை லைனிங் மடிப்பின் விளிம்பில் இறக்கி, மேல்துணியின் மடிப்பில் ஓரிரு இழை மட்டும் பிடித்து, திரும்ப லைனிங் வழியாகவே மேலே கொண்டுவாருங்கள். வெளிப்பக்கம் 3 மி.மீ.க்கு ஒரு சிறு புள்ளி மட்டும் தெரியும். பக்கப்பட்டை வரும் இடங்களில் தையல்கள் ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்து கனமாக இருக்கும். லைனிங்கின் தையலை மேல்துணித் தையலிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி அமர்த்துங்கள், ஊசி தடையில்லாமல் போகும்.